நெற்றியில் ஐந்து ஊசி போட்டால் ஒத்தைத் தலைவலி நிற்குமா?

கும்பகோணத்தை அடுத்த ஒரு நெசவு ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 37. கணவரும் அவரும் பட்டுத் தறியில் வேலை செய்கிறவர்கள். இரண்டு பிள்ளைகள்; குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. 16 வயதில் எப்போதாவது வந்துகொண்டிருந்த ஒத்தைத் தலைவலி, கடந்த நான்கு ஆண்டுகளாக மாதத்தில் 20 நாளுக்குக் குறையாமல் வருகிறது. வலப்பக்கம் தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. ஸ்கேனில் எந்தக் கோளாறும் இல்லை. மருந்துக்கடையில் வாங்கும், காபின் (காபியில் உள்ள ஊக்கப்பொருள்) கலந்த வலி மாத்திரையை ஏறக்குறைய தினமும் போடுகிறார். தாங்க முடியாத நாளில் எர்காட்டமின் கலந்த மாத்திரை ஒன்று கூடுதலாக.

தலைவலி வராமல் தடுக்க ஒரு மருத்துவர் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தபோது பழைய வீசிங் திரும்பியதால் நிறுத்திவிட்டார்கள். பிறகு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். தறியில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று ஆறே நாளில் இவரே நிறுத்திவிட்டார். இப்போது தஞ்சாவூரில் ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில், நெற்றியில் ஐந்து இடத்தில் போடாக்ஸ் போட்டால் தலைவலி அடியோடு போய்விடும், சுருக்கமும் போகும் என்கிறார்களாம். சிங்கப்பூரிலிருக்கும் தம்பி பணம் அனுப்பத் தயார். மாமியாரோ, முகத்தில் விஷ ஊசி போடுவதா என்று பயப்படுகிறார். கடிதத்தின் ஓரத்தில், சில மாதமாக விரல் நுனி சில்லிட்டு மரத்துப்போகிறது, இழை முடியச் சிரமமாக இருக்கிறது, தறி வேலையால்தான் இருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஊசி பாதுகாப்பானதா, ஒரு தடவை போதுமா, காப்பீட்டு அட்டையில் கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். விரல் மரத்துப்போவதற்குத் தறி காரணமாக இருக்கலாம், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் எர்காட்டமின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து. அடிக்கடி சாப்பிட்டால் கைகால் நுனிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, விரல் சில்லிடும், வெளிறும், மரக்கும். கூடவே எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால் எர்காட்டமின் உடம்பில் தேங்கி ஆபத்தான அளவுக்குப் போய்விடும். சளி, தொண்டைவலிக்கு இவற்றை எழுதிக் கொடுப்பது சாதாரணம். அதனால் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் கையைக் காட்டி, நாடி பார்க்கச் சொல்லுங்கள். விரல் நீலம் பூத்தாலோ, வலி நிற்காமல் இருந்தாலோ வாரம்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி ஊசி விஷயம். உங்களுக்குச் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. நாள்பட்ட ஒத்தைத் தலைவலிக்குப் போடாக்ஸ் ஊசி உண்மையான, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் பைண்டர் என்ற மருத்துவர், நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் தலைவலியும் குறைந்ததாகச் சொன்னதைக் கவனித்தார். பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்து, 2010-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. நீங்களும் அந்தச் சிகிச்சைக்கு உரியவர் ஆகக்கூடும். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதில் 8 நாளாவது ஒத்தைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வகை. இந்த ஊசி அந்த வகைக்கு மட்டும்தான். மாதம் நாலைந்து நாள் வருகிறவர்களுக்குப் பயன் நிரூபிக்கப்படவில்லை.

ஆனால் உங்களுக்குப் போடுவதாகச் சொன்ன ஐந்து ஊசி அந்தச் சிகிச்சை அல்ல.

புருவங்களுக்கு நடுவே ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட் போடுவது, கோபக்கோடு எனப்படும் சுருக்கத்தைப் போக்குவதற்கான அழகுச் சிகிச்சை அளவு. தலைவலிக்கான முறையில் 31 இடங்களில், இடத்துக்கு 5 யூனிட் வீதம், மொத்தம் 155 யூனிட் போடப்படுகிறது. புருவ நடுவில் 3 இடம், மேல்நெற்றியில் 4, காதுக்கு மேலே உள்ள இரண்டு நெற்றிப்பொட்டிலும் சேர்த்து 8, பின்மண்டையில் 6, பிடரியின் மேல்பகுதியில் 4, தோள்பட்டையில் 6. ஒரு பக்கம் வலி அதிகமானால் பொட்டு, பின்மண்டை, தோள் ஆகிய இடங்களில் மேலும் 40 யூனிட்வரை கூட்டி 195 வரை போகலாம். பொட்டும் பின்மண்டையும் பிடரியும் விட்டுப்போனால், தலைவலிக்காக ஆய்வு செய்யப்பட்ட முறையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கும். பணம் போகும், "போடாக்ஸ் எனக்குக் கேட்கவில்லை" என்ற தவறான முடிவும் மனதில் நின்றுவிடும். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

மாமியாரின் பயம்

அதை ஒதுக்கித் தள்ள வேண்டாம், பதில் சொல்லுங்கள். இது பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பது உண்மை. மிக நுண்ணிய அளவில், தோலுக்கடியில் உள்ள தசைகளில் போடப்படுகிறது. மூளைக்குள் யாரும் ஊசி போடுவதில்லை. போட்ட இடத்தில் உள்ள நரம்பு நுனிகளுக்குள் புகுந்து, தசையைச் சுருக்கும் ரசாயனம் வெளியேறுவதைத் தடுக்கிறது. அதனால்தான் சுருக்கம் மறைகிறது. அதே வழியில், சி.ஜி.ஆர்.பி. போன்ற வலியைத் தூண்டும் பொருள்கள் வெளியேறுவதையும் தடுக்கிறது. தலைவலி குறைவது இந்த இரண்டாவது வேலையால். தசை இறுக்கம் தளர்வதால்தான் வலி போகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல. சில மாதங்களில் நரம்பு நுனி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே அடியோடு குணம் என்பதும் இல்லை, நிரந்தரக் கெடுதல் என்பதும் இல்லை. 12 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய சிகிச்சை இது.

எவ்வளவு பலன் தரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்தவர்களுக்கு மாதத்தில் சுமார் 20 நாள் தலைவலி இருந்தது, உங்களைப் போலவே. 24 வாரம் கழித்து, மருந்து போட்டவர்களுக்கு மாதம் 8.4 நாள் குறைந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் 6.6 நாள் குறைந்தது. தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தவர்கள் மருந்துப் பிரிவில் 100-க்கு 47 பேர், உப்புநீர்ப் பிரிவில் 35 பேர். சராசரி வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் உடம்பு முழுவதும் பரவும் பக்கவிளைவு குறைவு என்பதாலும், சிலருக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைக்கும் அளவுக்குப் பலன் தருவதாலும், மாத்திரைகள் கைகொடுக்காதவர்களுக்கு இதை நரம்பியல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரைகள் கைகொடுக்காதவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் மாத்திரைக் கணக்கு

வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பதை ஏற்பது கடினம், நம்புங்கள். பாரசிட்டமால் போன்ற தனி மாத்திரை மாதம் 15 நாள், காபின் முதலியவை சேர்ந்த கலவை மாத்திரை, எர்காட்டமின், டிரிப்டான் (ஒத்தைத் தலைவலிக்கென்றே உள்ள மாத்திரை) வகைகள் மாதம் 10 நாள், இந்த அளவைத் தொட்டு மூன்று மாதத்துக்கு மேல் போனால் மூளையின் வலி உணர்வு கூர்மையாகி, மருந்து இறங்கும்போதெல்லாம் புதிய வலி கிளம்பும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாதத்துக்கு 25 நாளையாவது தாண்டுகிறது.

இதை நிறுத்தினாலே கணிசமானவர்களுக்கு நாள்பட்ட தலைவலி பழையபடி எப்போதாவது வரும் தலைவலியாக இறங்கிவிடுகிறது. நிறுத்தாமலே ஊசி போட்டவர்களுக்கும் பலன் கிடைத்ததுண்டு. ஆய்வில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாத்திரையை அதிகம் எடுத்தவர்களே. ஆனால் செலவில்லாத வழி ஒன்று முன்னால் இருக்கும்போது, தம்பியின் பணத்தை முதலில் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

நிறுத்தும் முறை: எர்காட்டமினுக்கு நாள் பார்க்க வேண்டாம், உடனே. காபின் கலந்த வலி மாத்திரையை, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் குறித்து முழுதாக நிறுத்துங்கள். முகூர்த்த ஆர்டர் நெருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள், முதல் 2 முதல் 10 நாள் தலைவலி இன்னும் மோசமாகும், வாந்தியும் தூக்கமின்மையும் வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தோற்று மறுபடி மாத்திரையைத் தொடுகிறார்கள். அந்த நாள்களைக் கடக்க, வாந்திக்கு மருந்தும் குறுகிய காலத்துக்கு நாப்ராக்சென் போன்ற வேறு வலி மருந்தும் மருத்துவர் தரலாம். உங்களுக்கு வீசிங் இருப்பதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். நாப்ராக்சென், ஆஸ்பிரின் வகைகள் வீசிங் உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். அதற்குப் பிறகு எந்த வலி மாத்திரையானாலும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. காபியும் இந்தக் கணக்கில் சேரும்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும், நேரம் மாறாமல்.

வீட்டு மாதக் காலண்டரிலேயே குறித்துவிடலாம். வலி வந்த நாளில் ஒரு கோடு, வாந்தியோடு படுத்த நாளில் இரண்டு கோடு, மாத்திரை போட்டால் வட்டம். தலை தெளிவாக இருந்த நாளைக் காலியாக விடுங்கள். மாதக் கடைசியில் மூன்றையும் எண்ணி எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் எந்தச் சிகிச்சை பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பு மாத்திரை தோற்றுவிட்டதா?

புரோப்ரனலால் உங்களுக்கு ஆகாது. வீசிங் உள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாது. இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். ஆனால் அமிட்ரிப்டிலின் தோற்கவில்லை, அதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. தடுப்பு மருந்து எதுவானாலும் சரியான அளவுக்கு வந்தபின் இரண்டு மாதம் பார்க்க வேண்டும். 10 மில்லிகிராம் தொடக்க அளவுதான். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி 25 முதல் 50 வரை கொண்டுபோவார்கள். தூக்கக் கலக்கம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். படுக்கும்போது போடாமல் இரவு எட்டு மணிக்கே போட்டால் காலையில் தறியில் கண் சொக்குவது குறையும். வாய் உலர்தல், மலச்சிக்கல், எடை கூடுதல் வரலாம்.

ஒத்துவராவிட்டால் டோபிரமேட் இருக்கிறது. இரவில் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 25 கூட்டி, 50 வீதம் இரண்டு வேளை. கருவுக்குக் கெடுதல் செய்யும் மருந்து என்பதால் இளம்பெண்களுக்குத் தரத் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் இதுவும் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் மரமரப்பைத் தரும், உங்களுக்கு அது குழப்பம் உண்டாக்கும். சிறுநீரகக் கல் இருந்திருந்தால் சொல்லுங்கள். வியர்வையைக் குறைக்கும் குணமும் இதற்கு உண்டு; கத்திரி வெயிலில் தறிக்கூடத்தில் புழுங்கி உட்காருகிறவர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இவை தவிர ஃப்ளூனரசின், கேண்டசார்ட்டன் என்று வேறு வழிகளும் உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். பழைய சீட்டுகள், தின்ற மாத்திரைகளின் காலி அட்டைகள், ஸ்கேன், காலண்டர் தாள் நான்கையும் கொண்டுபோங்கள்.

பிரிட்டனில் பொதுமருத்துவத் துறையின் வழிகாட்டல், குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் கைகொடுக்காமல், வலி மாத்திரையை அளவுக்கு மீறி எடுப்பதும் சரிசெய்யப்பட்ட பிறகே இந்த ஊசி என்கிறது. அது நம் ஊர்ச் சட்டமல்ல, ஆனால் நியாயமான வரிசை. பின்மண்டை நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடும் ஊசி ஒன்றும் இருக்கிறது. அது மலிவு, பலன் சில வாரம் நிற்கலாம். மாத்திரையை நிறுத்தும் கடினமான நாள்களுக்கு அது கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள்.

அப்படியும் ஊசிதான் என்றால்

தலைவலிக்காக இதைப் போட்டுப் பழகிய நரம்பியல் மருத்துவரிடம் மட்டும் போடுங்கள். 31 இடமா, மொத்தம் எத்தனை யூனிட், எந்த நிறுவனத்தின் மருந்து என்று முன்பே கேளுங்கள். போடாக்ஸில் உள்ள பொட்டுலினம் என்ற மருந்து பல பெயர்களில் வருகிறது. ஒன்றின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமமல்ல. நான் மேலே சொன்ன 155 என்ற அளவு போடாக்ஸுக்கு உரியது. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், கலக்கிய பின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். 200 யூனிட் குப்பியில் 4 மில்லி, 100 யூனிட் குப்பியில் 2 மில்லி உப்புநீர் கலப்பது முறை. குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி, போட்ட யூனிட் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி.

ஊசி மெல்லியது, மொத்தமாகக் கால் மணி நேரம், மயக்க மருந்து தேவையில்லை. அன்று தலையை அழுத்தித் தேய்க்காதீர்கள், எண்ணெய்க் குளியல் வேண்டாம், சில மணி நேரம் படுக்காமல் இருங்கள். பேருந்தில் திரும்பும்போது கம்பியிலோ சன்னலிலோ தலையைச் சாய்த்துத் தூங்கிவிடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் தொல்லை கழுத்து வலி. ஏறக்குறைய 100-இல் 9 பேருக்கு வருகிறது. பிடரித் தசை தளர்ந்து, தலையைத் தாங்கிப் பிடிக்கவே சிரமமாகச் சிலர் உணர்வார்கள். நாள் முழுக்கத் தறியில் பாவு நூலைப் பார்த்துக் குனிந்திருக்கும் உங்களுக்கு அது வேலையை நிறுத்தக்கூடிய விஷயம். பிடரியில் ஊசி கீழே இறங்கிப் போட்டால் இது கூடும். மேல்பகுதியில், மேலாகப் போட வேண்டும். உங்கள் வேலையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அவசர ஆர்டர் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெற்றியில் மருந்து கீழே பரவினால் இமை சரியலாம். சில வாரங்களில் தானாகச் சரியாகும். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இது அபூர்வம், ஆனால் ஊசி போட்டுச் சில வாரம் கழித்தும் வரலாம். தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்களுக்கும் போடக்கூடாது. ஜென்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து நடப்பில் இருந்தால் சொல்லிவிட வேண்டும்.

பணமும் காப்பீடும்

முதல்வர் காப்பீட்டு அட்டையில் எதுவானாலும் முன் அனுமதி வாங்கிய பிறகுதான். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்க முடியாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், நரம்பியல் மருத்துவரின் சீட்டைக் காட்டி முதலில் கேளுங்கள். தனியார் காப்பீடு இருந்தால், அழகுச் சிகிச்சை என்று சொல்லி மறுக்கக்கூடும். தோற்றத்தை மாற்றும் சிகிச்சையை விலக்கும் அந்த விதியிலேயே, மருத்துவ அவசியத்துக்காகச் செய்வதற்கு விதிவிலக்கு உண்டு. நாள்பட்ட ஒத்தைத் தலைவலி என்ற நோய்ப்பெயர், கைகொடுக்காத மருந்துகளின் பெயரும் அளவும் காலமும், காலண்டர் கணக்கு, இவற்றோடு மருத்துவரின் கடிதம் இருந்தால் வாதாடலாம். அன்றே வீடு திரும்பும் சிகிச்சை என்பது இன்னொரு தடையாகலாம். பாலிசியில் இது சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழகு நிலையத்தின் ரசீது இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

தம்பியிடம் ஒரு தடவைக்கான தொகையைச் சொல்லாதீர்கள், இரண்டு தடவைக்குச் சொல்லுங்கள். பலன் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும், பத்தாவது வாரத்துக்குமேல் தேயும். சிலருக்கு இரண்டாவது சுற்றில்தான் தெரியும். இரண்டு சுற்று முடிந்தும் தலைவலி நாள்கள் 30 சதவீதமாவது குறையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். 20 நாள் 14 ஆகவில்லை என்றால், மூன்றாவது சுற்றுக்குப் பணம் கட்டாதீர்கள், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும். நன்றாகக் குறைந்து, தொடர்ந்து மூன்று மாதம் 15 நாளுக்குக் கீழே இருந்தால், அப்போதும் நிறுத்திப் பார்க்கலாம்.

சஷ்டிக்கும் வெள்ளிக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆறு மாதம் பாலும் பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இருங்கள். தறியில் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தை நிமிர்த்துங்கள். வெளிச்சம் ஜரிகையில் பட்டுக் கண்ணில் தெறிக்காதபடி விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள்.

இதுவரை வந்த வலிபோல் இல்லாமல், திடீரென்று இடி விழுந்ததுபோல் தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, வாய் குழறினாலோ, அதை ஒத்தைத் தலைவலி என்று படுத்துவிடாதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எர்காட்டமினை நிறுத்தி, கையைக் காட்டிய பிறகு மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். டோபிரமேட் உங்களுக்குச் சரிப்படுமா என்பது அதைப் பொறுத்தது.